கையெழுத்து வாங்குவதற்கு முன்னால்: கோட்டாட்சியர்களுக்கும் வட்டாட்சியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வருவாய்க் கோட்டாட்சியர்களுக்கும் வட்டாட்சியர்களுக்கும், உங்களோடு அந்த அறையில் உட்காரும் காவல் துணைக் கண்காணிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

திருவிழாவோ ஊர்வலமோ நெருங்கி, இரண்டு தரப்புக்கும் உரசல் என்று தெரிந்ததும் உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் போகிறது. கிராம உதவியாளர் இரவு எட்டு மணிக்கு வீட்டு வாசலில் நின்று கொடுக்கிறார். நாளை காலை 11 மணிக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை, தவறாமல் வரவும். விழாவுக்கு இன்னும் மூன்றே நாள். காப்புக் கட்டியாகிவிட்டது, நோட்டீஸ் அடித்தாகிவிட்டது, மேளக்காரருக்கு முன்பணம் போய்விட்டது. மறுநாள் அறைக்குள் நாற்பது பேர் நெருக்கியடித்து உட்கார்கிறார்கள். வெளியே போலீஸ் வேன் நிற்கிறது. ஒரு மணி நேரம் சத்தம், பிறகு ஒரு தாள், அதில் கையெழுத்து. எல்லோரும் எழுந்து போகும்போது ஒரு தரப்பு இன்னொரு தரப்போடு ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்காது. இரண்டும் உங்களிடம்தான் பேசியிருக்கும்.

ஊர்களில் சமயத் தகராறுகளுக்கும் கட்சித் தகராறுகளுக்கும் நடுவே உட்கார்ந்து பேசுவது எங்கள் வேலை. உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். அமைதிக் கூட்டம் கடைசிப் படியாக இருக்கட்டும். உண்மையான பேச்சு அதற்கு ஒரு மாதம் முன்பே, வேறு இடத்தில், சின்னக் குழுக்களில் நடந்து முடிந்திருக்க வேண்டும். அதை எப்படி நடத்துவது, எங்கே கெட்டுப்போகும் என்பதைத்தான் இந்த மடலில் எழுதுகிறோம்.

முதலில், ஏன் ஒரு தரப்பும் இம்மியும் அசைவதில்லை என்று பார்த்துவிட வேண்டும். பள்ளிவாசல் முன்னால் இரண்டு நிமிடம் மேளத்தை நிறுத்தினால் என்ன குறைந்துவிடும் என்று உங்களுக்குத் தோன்றும். விழாக் குழுவின் கணக்கு வேறு. இந்த ஆண்டு நிறுத்தினால், அடுத்த ஆண்டு “போன வருசம் நிறுத்தினீங்களே” என்ற பேச்சு வரும். அதற்கடுத்த ஆண்டு அது வழக்கம். ஜமாஅத்துக்கும் இதே கணக்குத்தான். ஒருமுறை புதுத் தெரு வழியாக விட்டுவிட்டால் அதுவே வழக்கமான பாதை என்று உங்கள் கோப்பில் ஏறிவிடும். இந்தப் பயத்தை வீண் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். “வழக்கம் என்ன?” என்று ஒவ்வொரு தகராறிலும் கேட்டுக் கேட்டு இதை மக்களுக்குப் பழக்கியது நிர்வாகம்தான். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து அந்தக் கேள்வி மாறவில்லை.

சேலத்தில் 1882-இல் பள்ளிவாசலும் ஊர்வலப் பாதையும் தகராறாகிப் பெருங்கலவரமானது. அதில் குற்றம் சாட்டப்பட்டுப் பின்னர் விடுதலையான சி. விஜயராகவாச்சாரியார்தான் 1920-இல் நாக்பூர் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார். கலவரத்துக்கு அடுத்த ஆண்டே சென்னை உயர் நீதிமன்றம் சுந்தரம் செட்டி வழக்கில் பொதுத் தெருவில் ஊர்வலம் போகும் உரிமையைப் பற்றித் தீர்ப்பு எழுதியது. 1924-இல் மன்சூர் ஹசன் வழக்கில், அன்றைக்கு லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் அதை உறுதிசெய்தது. பொதுத் தெருவில் சமய ஊர்வலம் போகலாம். ஆனால் மாஜிஸ்திரேட்டின் முறையான உத்தரவுகளுக்கும், அந்தத் தெருவைப் புழங்கும் மற்றவர்களின் உரிமைக்கும் அது உட்பட்டது. அந்த வழக்கில் மோதிக்கொண்டவர்கள் ஷியாக்களும் சன்னிகளும், அதாவது ஒரே மார்க்கத்தின் இரு பிரிவினர், என்பதை நினைவில் வைக்க வேண்டும். 2021 மே மாதம் பெரம்பலூர் மாவட்டம் வி.களத்தூர் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு பகுதியில் ஒரு சமயத்தார் அதிகம் வாழ்கிறார்கள் என்பதற்காக இன்னொரு சமயத்தின் ஊர்வலத்தைத் தடுக்க முடியாது என்றது. மதுரை அருகே கோயிலும் தர்காவும் இருக்கும் திருப்பரங்குன்றம் மலை யாருக்கு உரியது என்ற தகராறில் 1923-இல் கீழமை நீதிமன்றமும் 1931-இல் பிரிவி கவுன்சிலும் தீர்ப்புச் சொல்லிவிட்டன. நூறாண்டு கழித்தும் அந்த மலையடிவாரத்தில் காவல் போட வேண்டியிருக்கிறது. உரிமை யாருக்கு என்பதை நீதிமன்றம் சொல்லும். தீர்ப்புக்கு மறுநாள் காலையில் அதே தெருவில் பால் வாங்கப் போகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்ப்பது என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே எந்தப் பேச்சைத் தொடங்கினாலும், முதல் ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு வரியை எழுத்தில் காட்டிவிடுங்கள்: “இங்கே ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு இந்த ஆண்டுக்கு மட்டுமே. இதை எந்தத் தரப்பும் வழக்கத்துக்கோ உரிமைக்கோ சான்றாகக் காட்டக் கூடாது.” இந்த இரண்டு வரி இல்லாமல் தொடங்கினால் பேசுகிறவர்கள் எதிரில் இருப்பவர்களோடு பேச மாட்டார்கள், வருங்கால நீதிபதியோடுதான் பேசுவார்கள். விட்டுக்கொடுத்தாலும் தோற்றதாகாது என்று தெரிந்தால்தான் மனிதர்களுக்கு இறங்கிவர மனம் வரும்.

அடுத்தது, நாள். பஞ்சாங்கத்தையும் ஹிஜ்ரி நாட்காட்டியையும் ஆண்டுத் தொடக்கத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹிஜ்ரி ஆண்டு நம் ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. அதனால் இஸ்லாமிய நாட்கள் ஒவ்வோர் ஆண்டும் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். இந்துப் பண்டிகைகள் ஒரு மாதத்துக்குள்ளேயே முன்பின்னாக ஆடும். 2023, 2024, 2025 மூன்று ஆண்டுகளிலும் விநாயகர் சதுர்த்திக்கும் மீலாது நபிக்கும் நடுவே பத்து நாளுக்கு மேல் இல்லை. சிலை கரைக்கும் நாளும் மீலாது ஏற்பாடுகளும் ஒரே வாரத்தில் வந்து விழுந்தன. ஓராண்டுக்கு முன்பே கணக்கிட்டுச் சொல்லிவிடக்கூடிய செய்தி இது. அப்படி இரண்டும் நெருங்கும் ஊர்களுக்கு 45 நாள் முன்பு பேச்சைத் தொடங்க வேண்டும். கொடியேற்றிய பிறகு, காப்புக் கட்டிய பிறகு தொடங்குவதில் பயனில்லை. அதற்கப்புறம் எந்த மாற்றமும் சாமி குற்றமாகத்தான் படும், எந்தப் பெரியவரும் அதைத் தம் தலையில் ஏற்றுக்கொள்ள மாட்டார். நோன்பு மாதத்தில் கூட்டம் வைப்பதானால் முற்பகலில் வையுங்கள், தேநீர் சுற்ற வேண்டாம். வெள்ளி நண்பகலும் ஞாயிறு காலையும் வேண்டவே வேண்டாம்.

யாரைக் கூப்பிடுவது என்பதில்தான் பெரும்பாலான கூட்டங்கள் வீணாகின்றன. உங்கள் பட்டியலில் விழாக் குழுத் தலைவர், அறங்காவலர், ஜமாஅத் தலைவர், பள்ளிவாசல் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் முத்தவல்லி, பங்குத்தந்தை, கட்சிச் செயலாளர்கள் இருப்பார்கள். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். கையெழுத்துப் போடுவது இவர்கள். ஊர்வலத்தின் முன்வரிசையில் ஆடுவதும், பள்ளிவாசல் வாசலில் கைகோத்து நிற்பதும் இருபது வயதுப் பிள்ளைகள். அவர்களுக்கு அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது. ஒரு தரப்புக்கு எட்டுப் பேர் போதும். அந்த எட்டில் மூவர் முப்பது வயதுக்குள் இருக்கட்டும், இருவர் பெண்களாக இருக்கட்டும். பெண்களை மரியாதைக்காகச் சேர்க்கச் சொல்லவில்லை. எந்தச் சந்தில் யார் குடித்துவிட்டு நிற்பார்கள், போன ஆண்டு முதல் கல் எந்த மாடியிலிருந்து வந்தது, எந்தப் பிள்ளை யார் சொன்னால் கேட்பான் என்பதெல்லாம் வாசலில் நிற்பவர்களுக்குத்தான் தெரியும். மேளக்காரர்களின் தலைவரையும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவரையும் ஒருநாள் தனியே கூப்பிட்டுப் பேசுங்கள். உடன்பாட்டை நடைமுறையில் காப்பாற்றுவதும் உடைப்பதும் அவர்கள் கையில் இருக்கிறது.

வெளியூரிலிருந்து வரும் அமைப்புத் தலைவர்களை இந்த எட்டில் சேர்க்காதீர்கள். அவர்களுக்கு அடுத்த வாரம் வேறோர் ஊர் இருக்கிறது. தெருக்காரர்களுக்கு இந்தத் தெரு மட்டும்தான். ஆனால் அவர்களை முற்றிலும் ஒதுக்கினால் வெளியே மைக் பிடித்துப் பேசுவார்கள், ஆகவே தனியாக ஓர் அமர்வு கொடுங்கள். கட்சிக்காரர்களுக்கும் அதே ஏற்பாடுதான். அவர்கள் மேடையில் பேசுவதை நீங்கள் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் இதுவரை நடந்தது, நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதன் சாரம், இரு தரப்பும் மறுக்காத விவரங்கள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் தட்டச்சு செய்து எல்லாக் கட்சிக்கும் ஒரே நேரத்தில் கொடுத்துவிடலாம். மேடைப் பேச்சில் பொய் நுழைவதற்குப் பாதி நேரம் கெட்ட எண்ணம் காரணமில்லை. உண்மைத் தகவல் கைக்கு வந்திருக்காது, அவ்வளவுதான்.

நடுவில் உட்காருவது யார்? இங்கே உங்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. நீங்கள் பேச்சு நடத்துபவர் மட்டுமில்லை, நிர்வாக நடுவரும்கூட. 2024 ஜூலை 1 முதல் அமைதி காக்கப் பிணை எழுதி வாங்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 126 வந்திருக்கிறது. தடை உத்தரவுக்கான 144 இருந்த இடத்தில் 163. பிணைப் பத்திரம் எழுதி வாங்கும் அதிகாரம் இருப்பவர் எதிரில் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். பேச்சைத் தொடங்கும்போதே “ஒத்துவரலைன்னா எல்லார் மேலயும் 126 போடுவேன்” என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு கிடைப்பது கையெழுத்து மட்டும்தான். ஆகவே முதல் கட்டப் பேச்சை நீங்கள் நடத்தாதீர்கள். நாடாளுமன்றம் 2023-இல் இயற்றிய சமரசச் சட்டம் ஊர் அமைதியைப் பாதிக்கக்கூடிய தகராறுகளுக்கு மூவர் குழு ஒன்றைச் சொல்கிறது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் அந்தக் குழு உட்கார முடியும், அதில் எட்டும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்புபோல் நிறைவேற்றத்தக்கதும் அல்ல. இந்த வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தரப்பும் நம்பும் ஒருவர், இருவருக்கும் பொதுவான ஒருவர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரோ, எல்லா வீட்டுக்கும் பிரசவம் பார்த்த செவிலியரோ, ஊருக்கு வெகுகாலமாக வந்துபோகும் மருத்துவரோ அந்தப் பொது ஆளாக இருக்கலாம்.

பொதுவானவர் என்றால் பற்றில்லாதவராக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. 1982-இல் கன்னியாகுமரி மாவட்டம் மண்டைக்காட்டில் இந்துக்களும் கிறித்தவர்களும் மோதிக்கொண்டபோது அமைதிக்காக அங்கே போனவர் குன்றக்குடி அடிகளார். அவர் ஒரு சைவ ஆதீனத்தின் தலைவர், காவி உடுத்து நீறு பூசியவர். கடவுள் இல்லை என்ற பெரியாரோடு கொள்கையில் மோதிக்கொண்டே நட்பும் பேணியவர். தம் சமயத்தில் உறுதியாக நிற்கிற ஒருவர் அடுத்தவரின் உறுதியை மதிப்பதைப் பார்க்கும்போது மக்களுக்கு வரும் நம்பிக்கை, “எனக்கு எல்லாம் ஒண்ணுதான்” என்பவரிடம் வருவதில்லை.

இனி முக்கியமான கட்டம், மூவர் குழு தனித்தனியாகப் பேசுவது. கீழே சொல்வதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லிவிடுங்கள். இரு தரப்பையும் ஒரே அறையில் வைப்பதற்கு முன் ஒவ்வொரு தரப்போடும் குறைந்தது இரண்டு முறை, ஒன்றரை மணி நேரம் வீதம் உட்கார வேண்டும். அவர்கள் இடத்திலேயே உட்காருங்கள், கோயில் மண்டபத்திலோ பள்ளிவாசல் முற்றத்திலோ, சீருடைக்காரர் யாரும் இல்லாமல். “உங்க கோரிக்கை என்ன?” என்று தொடங்கினால் மனப்பாடமான ஐந்து கோரிக்கை வரும், பேச்சு அங்கேயே உறைந்துவிடும். அதற்குப் பதில், போன ஆண்டு அன்றைக்கு நீங்கள் எங்கே நின்றீர்கள், கண்ணால் கண்டது என்ன என்று கேளுங்கள். கேள்விப்பட்டதும் கண்டதும் அப்போதுதான் பிரியும். அன்றைக்கு என்ன நடந்தால் உங்கள் வீட்டுப் பெண்கள் கதவைச் சாத்தாமல் வாசலில் நிற்பார்கள் என்று கேளுங்கள். கோரிக்கைக்குப் பின்னால் இருக்கும் தேவை அதில் தெரியும். அந்தப் பக்கத்தில் யார் சொன்னால் நீங்கள் நம்புவீர்கள் என்று கேளுங்கள். எவ்வளவு கோபமான தரப்பும் ஒரு பெயராவது சொல்லும். அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், உடன்பாட்டின் அச்சாணி அவர்தான். கடைசியாக, எதிர்த்தரப்பினர் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள். முதல் சுற்றில் “அவங்களுக்கு என்ன பயம்?” என்றுதான் பதில் வரும். விட்டுவிடுங்கள். இரண்டாம் சுற்றில் அதே கேள்விக்கு வேறு பதில் வரும்.

எழுந்து வருவதற்கு முன், இதில் எதை அந்தத் தரப்பிடம் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இதில் ஒருமுறை தவறினாலும் அந்த ஊரில் அடுத்த பத்தாண்டுக்கு உங்களிடம் யாரும் பேச மாட்டார்கள். இந்த அமர்வுகளில் கேட்டது எதுவும் 126 நடவடிக்கைக்குப் போகாது என்று நீங்கள் மூவர் குழுவுக்கு உறுதி கொடுக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான திட்டம் தெரியவந்தால் மட்டும் சொல்லியாக வேண்டும் என்பதையும் முதலிலேயே அறிவித்துவிட வேண்டும்.

கூட்டு அமர்வுக்குக் காவல் நிலையம் வேண்டாம், வழிபாட்டு இடங்களும் வேண்டாம். அரசுப் பள்ளி நல்லது. விரிப்பில் வட்டமாக உட்காரட்டும், அல்லது எல்லோருக்கும் ஒரே மாதிரி நாற்காலி. எதிரெதிராக இரண்டு வரிசை போட்டால் பட்டிமன்றம்தான் நடக்கும். கைபேசிகள் ஒரு கூடையில். யார் முதலில் பேசுவது என்பதைத் திருவுளச் சீட்டு முடிவு செய்யட்டும்.

ஒருவருக்கு மூன்று நிமிடம். அவர் பேசி முடித்ததும் எதிர்த்தரப்பில் ஒருவர், “நீங்க சொன்னது இதுதான், சரிதானா?” என்று தம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் சரி என்ற பிறகுதான் பதில். இந்த ஒரு விதியைக் கூட்டம் முழுக்கக் காப்பாற்றினால் மற்ற விதிகள் பெரிதாகத் தேவைப்படாது. முதல் நான்கைந்து முறை திருப்பிச் சொல்பவர் குத்தலாகச் சொல்வார், “இவங்களுக்கு ஊரே சொந்தம்னு சொல்றாங்க” என்பதுபோல. கோபப்படாமல், “அவர் சொன்ன வார்த்தையிலேயே சொல்லுங்க” என்று மறுபடி கேளுங்கள். இதில் நேரம் போகிறதே என்று பொறுமை இழந்து விதியைக் கைவிடுவதுதான் நாங்கள் அதிகம் காணும் தவறு. நேரம் போவதுபோல் தெரிகிறதே, அங்கேதான் வேலை நடக்கிறது.

நம்பிக்கையைப் பற்றிப் பேச்சு வரும். வரட்டும். ஆனால் “இது உங்க வேதத்துல எங்க இருக்கு?” என்ற கேள்வியை யார் கேட்டாலும் நிறுத்துங்கள், அது உங்கள் வாயிலிருந்தும் வரக் கூடாது. அடுத்தவர் மார்க்கத்துக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முறிந்துபோகும். கேட்க வேண்டியது, “இது உங்களுக்கு ஏன் முக்கியம்?” என்பது. முளைப்பாரி ஏன் அந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று கேட்டால் ஒரு பாட்டி தன் மாமியார் காலத்துக் கதையைச் சொல்வார். அந்தக் கதையை யாரும் மறுக்க முடியாது. மறுக்கத் தேவையும் இல்லை.

பெயர்களில் கவனம் வேண்டும். ஒவ்வொரு தரப்பும் தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறதோ அப்படியே அழையுங்கள். கல் எறிந்தவன் ஒரு ஆள், அவனை அந்த ஆளாகவே பேசுங்கள், சமூகமாகப் பேசாதீர்கள். தகராறு தெற்குத் தெருவுக்கும் பள்ளிவாசல் தெருவுக்கும் என்றால் தெருப் பெயரையே சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூட்டத் தொடக்கத்தில் அதிகாரிகள் நல்ல மனத்தோடு “நாமெல்லாம் அண்ணன் தம்பி, மாமன் மச்சானா பழகுறோம்” என்று பத்து நிமிடம் பேசுகிறீர்கள். அது உண்மைதான். பல ஊர்களில் இன்றும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். ஆனால் அதைத் தொடக்கத்தில் சொன்னால், மனத்தாங்கலோடு வந்தவர் வாயை அடைத்துக்கொள்கிறார். குறை சொன்னால் ஒற்றுமைக்கு எதிரி ஆகிவிடுவோமோ என்ற தயக்கம். அந்தப் பேச்சை முடிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது, அவர்களே சொல்வார்கள்.

மன்னிப்பைக் கூட்டத்தில் கேட்டு வாங்காதீர்கள். கட்டாயத்தில் வந்த மன்னிப்பு அன்றிரவே கேலியாகிவிடும்.

அறைப் பேச்சு ஒருமுறை முடிந்ததும் இரு தரப்பிலும் மூவர் மூவராகப் பாதையை நடந்து பாருங்கள். அளவு நாடா, கடிகாரம், ஒரு நோட்டு போதும். தேரின் அகலம், தெருவின் அகலம், தாழ்ந்து தொங்கும் மின்கம்பி, கேபிள், திரும்ப முடியாத முனை எல்லாவற்றையும் எழுதுங்கள். பிறகு கணக்கு. 400 பேர் நால்வர் நால்வராகப் போனால் 100 வரிசை. வரிசைக்கு ஒன்றரை மீட்டர் என்றால் ஊர்வலத்தின் நீளம் 150 மீட்டர். பள்ளிவாசல் எல்லை 50 மீட்டர். மெல்ல நடந்தால் நிமிடத்துக்கு 30 மீட்டர். ஆக, தலை நுழைந்ததிலிருந்து வால் கடக்கும்வரை ஏழு நிமிடத்துக்குள். நின்று ஆடினால் அதுவே அரை மணி ஆகும். “மேளத்தை நிறுத்து” என்பதுதான் கோரிக்கை என்று நினைத்திருப்பீர்கள். பல இடங்களில் உண்மையான சிக்கல், ஊர்வலம் அந்த 50 மீட்டரில் நின்றுவிடுவது. நிற்காமல் நடப்பது என்று முடிவானால் மேளம் நிற்க வேண்டிய தேவையே பல ஊர்களில் எழாது. ஏழு நிமிடத்தைத் தாங்கிக்கொள்ளவும் முடியும், ஏழு நிமிடத்தில் கடந்துவிடவும் முடியும். “எங்க தெரு”, “எங்க உரிமை” என்று பேசியவர்கள் நிமிடத்தையும் மீட்டரையும் பேச ஆரம்பிக்கும் அந்த மாற்றத்துக்காகத்தான் இந்த நடை.

நேரத்தை எழுதும்போது கடிகார மணியை மட்டும் எழுதிவிடாதீர்கள். மஃரிப் தொழுகை சூரியன் மறைந்ததும் வருவது. சென்னையில் ஒரு பருவத்தில் மாலை 5.40-ஐ ஒட்டியும் இன்னொரு பருவத்தில் 6.40-ஐ ஒட்டியும் சூரியன் மறைகிறது. “மாலை 6.30-க்குள் கடக்க வேண்டும்” என்று போன ஆண்டுத் தாளைப் பார்த்து எழுதினால் இந்த ஆண்டு ஊர்வலம் சரியாகத் தொழுகை நடுவில் போய் நிற்கும். “அன்றைய மஃரிப் பாங்குக்கு 20 நிமிடம் முன்பு கடைசி வரிசை கடந்திருக்கும், தவறினால் தொழுகை முடிந்து 15 நிமிடம் கழித்துப் புறப்படும்” என்று எழுதுங்கள்.

ஒலிக்கு 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இருக்கின்றன. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி இல்லை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். மார்கழி விடிகாலைப் பாட்டுக்கும் விடிகாலைத் தொழுகைக்கான சுபுஹு பாங்குக்கும் இதே விதிதான், தேவாலயத் திருவிழாவுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் இதே விதிதான். ஒரு தரப்புக்கு மட்டும் அளவுக் கருவியை எடுத்துப் போனீர்களானால் அன்றோடு உங்கள் சொல்லுக்கு மதிப்பில்லை. எல்லா இடத்திலும் ஒரே நாளில் அளந்து, எண்களை எல்லோர் முன்னாலும் வாசியுங்கள். நடைமுறையில் குழாயை உள்பக்கம் திருப்புவதும் எண்ணிக்கையைக் குறைப்பதும் பாதிச் சண்டையைத் தீர்த்துவிடும்.

எதைப் பேசலாம் என்பதோடு எதைப் பேசக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும், இதைச் சற்று அழுத்தியே எழுதுகிறோம். நேரம், வேகம், ஒலி, வரிசை, பாதையில் நிற்கும் இடம் ஆகியவற்றைப் பேசலாம். ஒருவர் கோயிலுக்குள் வரலாமா, பொதுத் தெருவில் நடக்கலாமா, தம் சமயத்தைப் பின்பற்றலாமா என்பவற்றைப் பேச்சுக்கே எடுக்கக் கூடாது. தீண்டாமையை ஒழித்த அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆம் கூறும் சமயச் சுதந்திரம் தந்த 25-ஆம் கூறும் அதை முடித்துவிட்டன. சாதி சம்பந்தப்பட்ட இடத்தில் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் அமைதிக் கூட்டம் என்ற பெயரில், எண்ணிக்கையில் குறைந்தவர்களைக் கூப்பிட்டு “இந்த ஒரு வருசம் பொறுத்துக்கங்க” என்று சொல்வது நடக்கிறது. அவர்கள் ஒவ்வோர் ஆண்டும் பொறுத்துக்கொள்கிறார்கள். அமைதி நிலவுவதாகக் கோப்பு சொல்கிறது. தாளில் ஒவ்வொரு வரியை எழுதும் முன்பும், இந்த வரியால் சட்டம் தந்த உரிமை எதையாவது யாராவது இழக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் அந்த வரியை எழுதாதீர்கள். அங்கே தேவை சட்டத்தை நிறைவேற்றுவது, சமரசம் அல்ல. இதே காரணத்தால், சமயத் தகராறைக் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவந்து கைதூக்கச் சொல்லவும் வேண்டாம். அதிகத் தலை இருக்கும் பக்கம்தான் அங்கே எப்போதும் வெல்லும்.

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களின் வழியை மறித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008-இல் இடிக்கப்பட்டது. 2011-இல் இரு தரப்பும் உடன்பாட்டில் கையெழுத்திட்டன, தலித் மக்கள் முத்தாலம்மன் கோயிலுக்குள் சென்றார்கள். 2014-இல் மறுபடி மோதல். உடன்பாடு எழுதிய அன்றே வேலை முடிந்துவிட்டது என்று எந்த நிர்வாகமும் நினைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆகவே தாளில் ஏற்பாட்டோடு சேர்த்து, மீறினால் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள். மீறல் நடக்கும் என்றே வைத்துக்கொண்டு எழுதுங்கள். ஒரு கல்லோ ஒரு முழக்கமோ விழுந்தால் முதல் பத்து நிமிடத்துக்குள் இந்தத் தரப்பின் இன்னார் அந்தத் தரப்பின் இன்னாரை நேரடியாகக் கைபேசியில் அழைப்பார். தவறு செய்தவனை அவன் தரப்பே ஒதுக்கி அழைத்துப் போகும். வாட்ஸப்பில் எது வந்தாலும் இருவரும் பேசி உறுதிசெய்யும்வரை யாரும் பரப்ப மாட்டார்கள். தனிப் பேச்சில் “யார் சொன்னால் நம்புவீர்கள்” என்று கேட்டுக் குறித்த பெயர்கள் இங்கேதான் பயன்படும். முழக்கங்களில் எவை கூடாது என்பதைப் பொதுவாக “ஆத்திரமூட்டும் முழக்கம்” என்று எழுதாமல் வார்த்தை வார்த்தையாக எழுதிக்கொள்ளுங்கள். எழுதச் சங்கடமாக இருக்கும். ஆனால் அன்றைக்கு எது ஆத்திரமூட்டுவது என்று தெருவில் நின்று வாதாட வேண்டியிருக்காது. தாள் இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. கையெழுத்துக்கு முன் இளைஞர்களில் ஒருவர் உரக்க வாசிக்கட்டும். ஒவ்வொரு தெருவிலும் ஒரு நகல் ஒட்டப்படட்டும்.

விழா முடிந்து ஏழு நாளுக்குள் அதே பதினாறு பேரை மறுபடி உட்கார வையுங்கள், எதுவும் நடக்காமல் நல்லபடியாக முடிந்திருந்தாலும். எது உதவியது, எங்கே இழுபறியானது என்று அரை மணி நேரம் பேசினால் போதும். அடுத்த ஆண்டின் பேச்சுக்கு அதுதான் முதல் அமர்வு.

இன்னும் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறோம். நீங்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாறிப் போய்விடுவீர்கள். வருகிறவர் “வழக்கம் என்ன?” என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். ஊருக்கு ஒரு கோப்பு வையுங்கள். அதில் நடந்து அளந்த பாதையின் கைவரைபடம், நிமிடக் கணக்கு, அந்த ஆண்டின் தாள், ஏழாம் நாள் குறிப்பு, அடுத்த மூன்று ஆண்டுக்குப் பண்டிகை நாட்கள் நெருங்கும் அட்டவணை எல்லாம் இருக்கட்டும். முதல் பக்கத்தில், ஒரு தரப்பு சொன்னால் இன்னொரு தரப்பு நம்பும் அந்த இருவரின் பெயரும் கைபேசி எண்ணும். பொறுப்பை ஒப்படைக்கும் நாளில் கோப்பை மட்டும் கொடுக்காமல், புதிதாக வருபவரை அழைத்துக்கொண்டு போய் அந்த இருவருக்கும் அறிமுகம் செய்துவையுங்கள்.

இப்படிக்கு,
ஊர்ச் சமரசப் பணியில் இருக்கும் சிலர்